வீட்டு ஆடியோ கருவிகளுக்கு ஸ்டெபிலைசரும் சர்ஜ் பாதுகாப்பும் தேர்ந்தெடுப்பது எப்படி

ஆம்ப்ளிஃபையரையும் ஸ்பீக்கர்களையும் பார்த்துப் பார்த்து வாங்கியவர்களில் பலர், மின்சாரப் பாதுகாப்பு என்று வரும்போது கடையில் எடுத்துக் கொடுக்கும் பெட்டியை அப்படியே வாங்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்தப் பெட்டி எந்தக் கோளாறைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று தெரிந்திருந்தால்தான் கொடுத்த பணத்துக்குப் பலன் உண்டு. மின் இணைப்பின் வழியே கருவிகளுக்கு வரும் கேடுகள் மூன்று வகைப்படும். மின்னழுத்தம் மணிக்கணக்கில் குறைந்தோ கூடியோ நிற்பது முதல் வகை. மின்னலாலும், பெரிய மோட்டார்கள் சட்டென்று நிறுத்தப்படுவதாலும், சில மைக்ரோ நொடிகளுக்கு மட்டும் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுந்து அடங்கும் சர்ஜ் இரண்டாம் வகை. மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் கம்பி அறுந்து, 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட்டை நெருங்கும் அளவுக்கு ஏறி, யாராவது அணைக்கும் வரை அப்படியே நிற்பது மூன்றாம் வகை. முதல் வகைக்கு ஸ்டெபிலைசர், இரண்டாவதற்கு சர்ஜ் புரொட்டக்டர், மூன்றாவதற்கு மின்னழுத்தம் எல்லை மீறியவுடன் இணைப்பைத் துண்டிக்கும் கட்-ஆஃப் கருவி. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

முதலில் அளந்து பாருங்கள்

ஸ்டெபிலைசர் தேவையா என்பதைத் தீர்மானிக்க ஒரு நல்ல மல்டிமீட்டர் போதும். ட்ரூ ஆர்எம்எஸ் (அலை வடிவம் சிதைந்திருந்தாலும் சரியாக அளக்கும் வகை) என்று குறிப்பிட்ட மீட்டராக இருப்பது நல்லது. ஆடியோ கருவிகளைச் செருகும் அதே சாக்கெட்டில், காலை, நண்பகல், மாலை, நள்ளிரவு என்று வெவ்வேறு நேரங்களில் அளந்து குறித்து வையுங்கள். வேலை நாள் ஒன்றிலும் விடுமுறை நாள் ஒன்றிலும் அளந்தால் படம் தெளிவாகிவிடும். மாலையில் எல்லா வீடுகளிலும் சுமை ஏறும்போது மின்னழுத்தம் தாழ்வதையும், பின்னிரவில் சுமை குறைந்ததும் அது மேலே ஏறுவதையும் பல இடங்களில் காணலாம். ஆடியோ கருவிகளைப் பொறுத்தவரை இந்தப் பின்னிரவு உயர்வைத்தான் நான் அதிகம் கவனிக்கச் சொல்வேன். காரணம் பின்னால் வருகிறது.

230 வோல்ட் வழங்கும் நாடுகளில் பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு 10 சதவீதம் மேலும் கீழும், அதாவது 207 முதல் 253 வோல்ட் வரை. அந்தச் சந்தைக்கென்று தயாரான கருவிகள் இந்த எல்லைக்குள் இயங்கும்படியே வடிவமைக்கப்படுகின்றன. உங்கள் அளவீடுகள் எல்லா நேரமும் இதற்குள் இருந்தால் ஸ்டெபிலைசர் வேண்டியதில்லை. அந்தப் பணத்தை சர்ஜ் பாதுகாப்புக்கும் எர்த்தைச் சரிசெய்வதற்கும் செலவிடுங்கள். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வீட்டில் வாட்டர் ஹீட்டர் போன்ற பெரிய சுமையைப் போட்டவுடன் சாக்கெட்டில் மின்னழுத்தம் 10 வோல்ட்டுக்கு மேல் சரிந்தால், வீட்டு வயரிங்கிலோ வீட்டுக்கு வரும் இணைப்பிலோ எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கலாம் அல்லது கம்பி மெல்லியதாக இருக்கலாம். தளர்ந்த இணைப்பு சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது என்பதால், அதை எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சரிசெய்வதுதான் முதல் வேலை. ஸ்டெபிலைசர் அந்தக் கோளாறை மறைக்கும், தீர்க்காது.

உங்கள் கருவி எந்த வகை

கருவியின் பின்புறம் மின் உள்ளீட்டுக்கு அருகே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 100 முதல் 240 வோல்ட் வரை என்றிருந்தால் உள்ளே இருப்பது எஸ்எம்பிஎஸ் எனப்படும் ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை. உள்ளீடு 170 வோல்ட்டுக்கு இறங்கினாலும் அது வெளியே கொடுக்கும் டிசி மின்னழுத்தத்தை மாறாமல் வைத்திருக்கும். இணையத்திலிருந்து இசை தரும் ஸ்ட்ரீமர்கள், டிஜிட்டல் இசையை அனலாக் சிக்னலாக மாற்றும் டிஏசி கருவிகள், உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் கொண்ட பவர்டு ஸ்பீக்கர்கள், சுவிட்ச் முறையில் இயங்கும் கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையர்கள் ஆகியவற்றில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு ஸ்டெபிலைசர் போடுவது வீண். சர்ஜ் பாதுகாப்பு மட்டும் கட்டாயம் வேண்டும். 220 அல்லது 230 வோல்ட் என்று ஒரே எண் இருந்து, கருவியைத் தூக்கினால் ஒரு பக்கம் கனமாக இருந்தால், உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது என்று கொள்ளலாம்.

டிரான்ஸ்ஃபார்மர் உள்ள, கிளாஸ் ஏபி என்ற வழக்கமான வகை ஆம்ப்ளிஃபையரில் வெளியீட்டு டிரான்சிஸ்டர்களுக்குப் போகும் டிசி மின்னழுத்தம், சுவரில் வரும் மின்னழுத்தத்தோடு சேர்ந்தே ஏறும், இறங்கும். 230 வோல்ட் 207 ஆகக் குறைந்தால், திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்பதால் 100 வாட் ஆம்ப்ளிஃபையர் ஏறக்குறைய 81 வாட் ஆகிவிடும். கேட்பதற்குப் பெரிய இழப்பாகத் தோன்றினாலும் ஒலி அளவில் இது 0.9 டெசிபல் மட்டுமே. உச்ச ஒலியில் கேட்காதவருக்கு வித்தியாசமே தெரியாது. மேலே ஏறும்போது கதை வேறு. 230 வோல்ட்டில் 58 வோல்ட் டிசி தரும் பவர் சப்ளையில் 63 வோல்ட் தாங்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். சுவரில் 260 வோல்ட் வந்தால் அந்த 58 வோல்ட் 65.6 ஆகும், கெப்பாசிட்டர் தன் எல்லையைத் தாண்டிவிட்டது. அன்றே வெடிக்காது என்றாலும், ஒவ்வோர் இரவும் அது சூட்டில் காய்ந்து ஆயுள் குறைந்துகொண்டே வரும். எனவே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பவர் ஆம்ப்ளிஃபையருக்குக் குறைந்த மின்னழுத்தத்தை விட உயர்ந்த மின்னழுத்தமே அஞ்சத்தக்கது.

ப்ரீஆம்ப்ளிஃபையர்களிலும், டர்ன்டேபிளின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ஸ்டேஜ்களிலும் நிலைமை சற்று மாறுகிறது. அவற்றின் உள்ளே மின்னழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தும் 7815 போன்ற ரெகுலேட்டர் ஐசிக்கள் இருக்கும். 15 வோல்ட் கொடுக்க வேண்டிய ரெகுலேட்டருக்கு உள்ளே வரும் டிசி அதைவிடக் குறைந்தது 2 வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும். சுவர் மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்தால், டிசியின் ஏற்ற இறக்க அலையில் உள்ள தாழ்வுகள் 17 வோல்ட்டுக்குக் கீழே போய்விடும். அந்த நேரத்தில் ரெகுலேட்டர் கைவிட, ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் (ஹம்) கேட்கத் தொடங்கும். மாலையில் மட்டும் ஹம் வருகிறது என்று சொல்பவர்கள் கேபிளை மாற்றுவதற்கு முன் அந்த நேரத்தில் மின்னழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். வால்வு ஆம்ப்ளிஃபையர்களில், வால்வைச் சூடாக்கும் உள் இழையான ஹீட்டருக்கான 6.3 வோல்ட் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து நேராகப் போகிறது. சுவரில் 253 வோல்ட் வந்தால் அது 6.9 ஆகி, வால்வுகள் தாங்கக் கூடிய 10 சதவீத எல்லையைத் தொட்டு நிற்கும். நல்ல வால்வுகளை வைத்திருப்பவர்கள் ஸ்டெபிலைசருக்குச் செலவு செய்வதை நான் முழு மனதோடு ஆதரிப்பேன்.

ஸ்டெபிலைசர் வகைகள்

சந்தையில் மலிவாகவும் அதிகமாகவும் கிடைப்பது ரிலே வகை. ஓர் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள இணைப்பு முனைகளுக்கு இடையே ரிலேக்கள் மாறி மாறி இணைப்பதன் மூலம் இது வெளியீட்டைப் படிப்படியாகச் சரிசெய்கிறது. வெளியீடு மிகத் துல்லியமாக இருக்காது, ஒவ்வொரு முறை ரிலே மாறும்போதும் சில மில்லி நொடிகள் மின்சாரம் தடைபடும், அந்தத் தொடுமுனைப் பொறி ‘டக்’ என்ற ஒலியாக ஸ்பீக்கர் வழியே வரவும் கூடும். நாளில் இரண்டொரு முறை மட்டும் மின்னழுத்தம் மாறும் இடத்தில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஆடும் இடத்தில் இசை கேட்கும் அறைக்கு இது ஒத்துவராது.

சர்வோ வகையில் ஒரு சிறிய மோட்டார், கார்பன் பிரஷ் ஒன்றைச் சுருளின் மேல் நகர்த்தி மின்னழுத்தத்தைச் சீராகச் சரிசெய்கிறது. மின்சாரம் தடைபடாது, அலை வடிவம் சிதையாது, வெளியீடு 1 சதவீதத்துக்குள் நிற்கும். மோட்டார் நகர்ந்து சேர நேரம் எடுப்பதால் சட்டென்று வரும் ஏற்றத்துக்கு இது ஈடுகொடுக்காது, பிரஷ் தேயும், அமைதியான அறையில் மோட்டார் நகரும் ஒலி காதில் விழும். இத்தனை குறைகளோடும், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்ளிஃபையருக்கு இதுவே என் முதல் தேர்வு. பெட்டியை அடுத்த அறையில் வைத்துக் கம்பி மட்டும் இசை அறைக்கு இழுத்துக்கொண்டால் ஒலித் தொல்லையும் தீர்ந்துவிடும்.

அசையும் பாகங்கள் இல்லாத ஸ்டாடிக் வகை, குறைகடத்திச் சுவிட்சுகளைக் கொண்டு மிக விரைவாகச் செயல்படுகிறது. ஆனால் அந்தச் சுவிட்சுகள் உண்டாக்கும் உயர் அதிர்வெண் இரைச்சல் வெளியீட்டில் எவ்வளவு வடிகட்டப்பட்டிருக்கிறது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுபடும். வீட்டில் கேட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க வசதி இருந்தால் மட்டும் வாங்குங்கள். சிவிடி எனப்படும் கான்ஸ்டன்ட் வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர் ஆய்வகங்களில் நல்ல பெயர் பெற்றது. ஆனால் தானே ரீங்காரமிடும், சூடாகும், பழைய வடிவமைப்புகளில் அலையின் உச்சி தட்டையாகிவிடும். இந்தக் கடைசிக் குறை ஆடியோவுக்கு முக்கியமானது. ஆம்ப்ளிஃபையரின் கெப்பாசிட்டர்கள் அலையின் உச்சத்தில்தான் நிரம்புகின்றன. 230 வோல்ட் சைன் அலையின் உச்சம் 325 வோல்ட். உச்சி தட்டையான அலை மீட்டரில் 230 காட்டினாலும் உச்சம் 325ஐ எட்டாது. ஆம்ப்ளிஃபையர் குறைந்த மின்னழுத்தத்திலேயே இயங்கும். சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டர்களைத் தவிர்க்கச் சொல்வதற்கும் இதுவே ஒரு காரணம். அவற்றில் டிரான்ஸ்ஃபார்மர்கள் உறுமுவதைக் காதாலேயே கேட்கலாம்.

ஆன்லைன் யுபிஎஸ் வரும் ஏசியை டிசியாக்கி மீண்டும் புதிய சைன் அலையாக உருவாக்குவதால், மின்னழுத்தத்தைப் பொறுத்தவரை இதைவிட முழுமையான தீர்வு இல்லை. ஃபேன் ஒலியும் பேட்டரிச் செலவும் இதன் விலை. கணினி வழியாக இசை கேட்பவர்கள், மூலக் கருவிகளுக்கு மட்டும் சிறிய ஆன்லைன் யுபிஎஸ் வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு.

எவ்வளவு கொள்ளளவு

ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு வாட் எண்ணை வைத்து ஸ்டெபிலைசர் வாங்கினால் கணக்கு தவறும். ஒரு சேனலுக்கு 100 வாட் தரும் ஸ்டீரியோ கிளாஸ் ஏபி ஆம்ப்ளிஃபையர் முழுத் திறனில் 200 வாட் வெளியிடும். செயல்திறன் 60 சதவீதம் என்று கொண்டால் அது சுவரிலிருந்து 330 வாட் இழுக்கும். கெப்பாசிட்டர்கள் அலையின் உச்சத்தில் மட்டும் மின்னோட்டத்தை இழுப்பதால் பவர் ஃபேக்டர் (வாட்டுக்கும் விஏ எனப்படும் வோல்ட்-ஆம்பியருக்கும் உள்ள விகிதம்) 0.65 அளவில் இருக்கும். ஆக 500 விஏக்குச் சற்று மேல். மற்றக் கருவிகளுக்கு 60 விஏ சேர்த்தால் 560. இசையின் சராசரித் தேவை இதில் சிறு பங்குதான். கருவிகளைப் பரிசோதிப்பவர்களே எட்டில் ஒரு பங்கு திறனை வழக்கமான பயன்பாட்டுக்கு அளவாகக் கொள்வார்கள். ஆனாலும் தபேலாவின் ஒரு அடியோ டிரம்ஸின் ஒரு வீச்சோ வரும்போது ஸ்டெபிலைசர் தொய்யாமல் கொடுக்க வேண்டும் என்பதால் முழுக் கணக்கையே எடுத்துக்கொள்வது நல்லது.

இதற்கு மேல் பலர் மறந்துவிடும் ஒன்று உண்டு. உள்ளே 170 வோல்ட் வரும்போது வெளியே 230 வோல்ட் கொடுக்க, ஸ்டெபிலைசர் தன் உள்ளீட்டில் 1.35 மடங்கு மின்னோட்டம் இழுக்க வேண்டும். மின்னழுத்தம் தாழ்ந்திருக்கும்போது, அதாவது உதவி தேவைப்படும் நேரத்தில், அதன் உண்மையான கொள்ளளவு குறைந்துவிடுகிறது. 560ஐ 1.35ஆல் பெருக்கினால் 756. போட்டவுடன் டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் அரை அலை நேரத்துக்கு இழுக்கும் பெரும் மின்னோட்டத்துக்கும் இடம் விட்டால், 1500 விஏ ஸ்டெபிலைசர் பொருத்தமானது. குளிர்சாதனக் கருவியோடு இதைப் பங்கிடாதீர்கள். மின்சாரம் திரும்பி வந்தபின் 3 நிமிடம் காத்திருக்கும் ஏற்பாடு கம்ப்ரஸர்களுக்காக வந்தது. ஆடியோவுக்கு அரை நிமிடத் தாமதம் போதும். மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டிலும் தானாகத் துண்டிக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மேல் எல்லைத் துண்டிப்பு இல்லாத மாதிரியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்க வேண்டாம்.

சர்ஜ் புரொட்டக்டர்

பெரும்பாலான சர்ஜ் புரொட்டக்டர்களின் உள்ளே எம்ஓவி எனப்படும் துத்தநாக ஆக்சைடு வில்லைகள் இருக்கின்றன. சாதாரண மின்னழுத்தத்தில் அவை மின்சாரத்தைக் கடத்துவதில்லை. மின்னழுத்தம் எல்லை தாண்டியதும் கடத்தத் தொடங்கி, சர்ஜ் மின்னோட்டத்தை நியூட்ரலுக்கோ எர்த்துக்கோ திருப்பிவிடுகின்றன. 275 வோல்ட் ஏசிக்கான 20 மில்லி மீட்டர் வில்லை 430 வோல்ட் அளவில் கடத்தத் தொடங்கும். 100 ஆம்பியர் பாயும்போது அதன் குறுக்கே 710 வோல்ட் வரை நிற்கும். அதாவது நல்ல புரொட்டக்டர் இருந்தாலும் கருவி சில மைக்ரோ நொடிகளுக்கு 700 வோல்ட்டைக் காணத்தான் செய்யும். 230 வோல்ட் வீட்டுக் கருவிகளின் காப்பு பொதுவாக 2500 வோல்ட் கணநேர எழுச்சியைத் தாங்கும்படி இருக்க வேண்டும் என்பதால், இது பெரும்பாலும் ஆபத்தில்லாத அளவு.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போடும் ஜூல் எண் (உறிஞ்சக் கூடிய ஆற்றலின் அளவு) ஆயுளைப் பற்றிய ஒரு குறிப்பு மட்டுமே. கருவிக்கு எத்தனை வோல்ட் போய்ச் சேரும் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது ‘யுபி’ என்று குறிக்கப்படும் பாதுகாப்பு மட்டம். ஐஈசி 61643-11 என்ற சர்வதேசத் தரநிலைப்படி சோதித்த கருவிகளில் இது அச்சிடப்பட்டிருக்கும், 1.5 கிலோ வோல்ட் அல்லது அதற்கும் குறைவாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். 120 வோல்ட் நாடுகளில் யுஎல் 1449 தரநிலையின் கீழ் 330, 400, 500 என்று எண் தரப்படும். குறைந்த எண்ணே நல்லது. இந்த இரண்டு தரநிலைகளில் எதையும் குறிப்பிடாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸை, மேலே சர்ஜ் என்று எழுதியிருந்தாலும், வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்றே கருத வேண்டும்.

எம்ஓவி வில்லை ஒவ்வொரு சர்ஜுக்கும் கொஞ்சம் தேய்கிறது. தேய்ந்த வில்லை சாதாரண மின்னழுத்தத்திலேயே சிறிது கடத்திச் சூடாகி, கடைசியில் தீப்பற்றக் கூடும். அதனால் வில்லை சூடானதும் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸும், பாதுகாப்பு இருக்கிறது என்று காட்டும் விளக்கும் கட்டாயம் வேண்டும். சில பெட்டிகள் பாதுகாப்பு போனபின்னும் மின்சாரத்தை மட்டும் தொடர்ந்து கொடுக்கும்; சில, மின்சாரத்தையும் சேர்த்து நிறுத்திவிடும். ஆடியோவுக்கு இரண்டாவது வகையை வாங்குங்கள். இசை நின்றுபோனால் அன்றே கவனிப்போம். ஒரு சிறு விளக்கு அணைந்ததை மாதக் கணக்கில் கவனிக்க மாட்டோம்.

புரொட்டக்டர்களில் மூன்று டைப்கள் உண்டு. டைப் 1 நேரடி மின்னல் மின்னோட்டத்துக்கானது. மின்னல் தாங்கி உள்ள கட்டடங்களில் வேண்டும். டைப் 2 வீட்டு விநியோகப் பலகையில் பொருத்துவது. டைப் 3 கருவிகளுக்கு அருகே வைக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வகை. டைப் 3 தனியாக முழுச் சுமையையும் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல. டைப் 2 அடித்து நொறுக்கிய சர்ஜின் மிச்சத்தைக் கவனிப்பதே அதன் பணி. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பலகையில் டைப் 2 போடுங்கள் என்பேன். அதைப் பொருத்தும்போது இணைப்புக் கம்பிகளின் மொத்த நீளம் அரை மீட்டருக்குள் இருக்கிறதா என்று நின்று பார்க்க வேண்டும். ஒரு மீட்டர் கம்பியின் இண்டக்டன்ஸ் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) சுமார் 1 மைக்ரோ ஹென்றி. ஒரு மைக்ரோ நொடியில் 1000 ஆம்பியர் ஏறும் சர்ஜில் அந்த ஒரு மீட்டர் மட்டுமே 1000 வோல்ட்டைக் கூட்டிவிடும். அழகாகச் சுருட்டி வளைத்துக் கட்டிய நீளக் கம்பி, விலை உயர்ந்த கருவியைப் பயனற்றதாக்கிவிடும்.

எர்த் இல்லாத சாக்கெட்டில் புரொட்டக்டரின் பாதி வேலை நின்றுபோகிறது, ஏனெனில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குத் திருப்ப வேண்டிய மின்னோட்டத்துக்குப் போக இடம் இல்லை. சுமை இருக்கும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து பாருங்கள். 2 அல்லது 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எலெக்ட்ரீஷியனை அழைத்துக் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். ஹம் போகட்டும் என்று எர்த் பின்னை வெட்டும் வழக்கம் உயிருக்கே ஆபத்தானது. கிரவுண்ட் லூப்பால் (கருவிகளின் எர்த்துகள் கேபிள் வழியே வளையமாக இணைவதால்) ஹம் வந்தால் சிக்னல் கேபிளில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள், அல்லது ஆப்டிகல் இணைப்புக்கு மாறுங்கள்.

ஒன்றோடொன்று கேபிளால் இணைந்த கருவிகள் அனைத்தும் ஒரே புரொட்டக்டரிலிருந்து மின்சாரம் பெற வேண்டும். டிவி ஒரு சுவரிலும் ஆம்ப்ளிஃபையர் மறு சுவரிலும் இருந்தால், சர்ஜ் வரும் கணத்தில் இரண்டு சாக்கெட்டுகளின் எர்த்துக்கும் இடையே பெரிய மின்னழுத்த வேறுபாடு எழுந்து, அது எச்டிஎம்ஐ கேபிள் வழியே பாயும். எச்டிஎம்ஐ சில்லுகள் முதலில் எரிவது இப்படித்தான். ஆன்டெனா, டிஷ், ஈதர்நெட் கம்பிகளும் சர்ஜ் நுழையும் வாசல்களே. மின் இணைப்புக்கு மட்டும் காவல் போட்டுவிட்டு இவற்றைத் திறந்து விடக் கூடாது. ஈதர்நெட்டுக்குச் சிறு துண்டு ஃபைபர் இணைப்போ வைஃபையோ அந்த வழியை முற்றிலும் அடைத்துவிடும்.

நியூட்ரல் அறுந்து 400 வோல்ட்டை நெருங்கி நிற்கும்போது 275 வோல்ட் எம்ஓவி ஒவ்வோர் அரை அலையிலும் கடத்திக் கடத்திச் சில நொடிகளில் எரிந்துவிடும்; கருவியைக் காப்பாற்றாது. இதற்கெனப் பலகையில் பொருத்தும் மின்னழுத்தக் கண்காணிப்பு ரிலே கிடைக்கிறது. மேல் எல்லையை 260 அளவிலும் கீழ் எல்லையை 180 அளவிலும், மறுஇணைப்புத் தாமதத்தை ஒரு நிமிட அளவிலும் அமைத்துக்கொள்ளலாம். மூன்று ஃபேஸ் இணைப்பு வழியாக மின்சாரம் வரும் பகுதியில் இதை விட்டுவிடாதீர்கள்.

பொருத்தும் வரிசை

பலகையில் டைப் 2, அதை அடுத்துக் கண்காணிப்பு ரிலே, பிறகு ஸ்டெபிலைசர், கடைசியாகக் கருவிகளுக்கு அருகே டைப் 3 பெட்டி என்பது வரிசை. ஸ்டெபிலைசரை டர்ன்டேபிள், ஃபோனோ ஸ்டேஜ் ஆகியவற்றிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். அதன் காந்தப்புலம் டர்ன்டேபிளின் ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜில் ஹம்மாகப் புகும். பொருத்தி முடித்ததும் இசையை நிறுத்தி, வால்யூமை வழக்கமான இடத்தில் வைத்து, ட்வீட்டரின் அருகே காதை வைத்துக் கேளுங்கள். பிறகு ஸ்டெபிலைசரைத் தவிர்த்து நேரடி இணைப்பில் அதையே செய்யுங்கள். இரைச்சல் கூடியிருந்தால் அந்த ஸ்டெபிலைசர் உங்கள் கருவிகளுக்கு ஏற்றதில்லை. டிரான்ஸ்ஃபார்மரே உறுமினால் அது மின்சாரத்தில் கலந்த சிறிதளவு டிசியின் விளைவாக இருக்கலாம். ஸ்டெபிலைசர் அதை நீக்காது, டிசி பிளாக்கர் என்ற தனிக் கருவி வேண்டும்.

இடி கேட்கத் தொடங்கும் முன்பே பிளக்கையும் ஆன்டெனாக் கம்பியையும் கழற்றிவிடுங்கள். அருகில் விழும் மின்னலுக்கு எந்தப் பெட்டியும் உத்தரவாதம் தர முடியாது. டைப் 2 கருவியின் அறிகுறிச் சாளரம் நிறம் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் பாருங்கள், மாறியிருந்தால் அதில் செருகியிருக்கும் பாதுகாப்புப் பாகத்தை மட்டும் மாற்றினால் போதும். சர்வோ ஸ்டெபிலைசரில் பிரஷ் தேய்ந்து சேரும் கார்பன் தூளை ஆண்டுக்கு ஒரு முறை, மின் இணைப்பை முற்றிலும் துண்டித்தபின், தெரிந்தவரைக் கொண்டு துடைத்து எடுக்கச் சொல்லுங்கள்.